இந்தியாவுக்கு மணி சொன்ன போக்ஸன்

சாந்தன்பாறையில் விடியற்காலம். போடிமெட்டு ஏறி வரும் ஜீப்புகளின் வெளிச்சம் பனிக்குள் மங்கலாகத் தெரிகிறது. தேவாரம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து ஏலக்காட்டு வேலைக்கு வரும் பெண்கள் தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி செல்போனை எடுத்து மணி பார்க்கிறாள். இன்னொருத்தியும் பார்க்கிறாள். இருவர் போனிலும் ஒரே மணி. மேஸ்திரி கையில் இருக்கும் போனிலும் அதே மணிதான். முன் காலம் போல, உன் கடிகாரம் வேகமா, என் கடிகாரம் மெதுவா என்று யாரும் வாதாடுவதில்லை. போனை நான்கு நாள் அணைத்து வைத்துவிட்டுத் திறந்தாலும், கோபுரத்திலிருந்து வரும் அலை சரியான மணியையும் கூடவே கொண்டு வந்துவிடுகிறது. சாவி கொடுப்பதும் இல்லை. முள்ளைத் திருப்புவதும் இல்லை.

எங்கோ ஓரிடத்தில் சரியான மணியைக் காத்து வைத்து, அதை நாடு முழுவதும் கம்பி வழியாக அனுப்புவது என்ற ஏற்பாடு நம் நாட்டில் வேரூன்றியது சென்னையில்தான். நுங்கம்பாக்கத்தில் இருந்த வான ஆராய்ச்சி நிலையத்திலிருந்து போன தந்திக் குறிப்பைக் கேட்டு, இந்தியாவின் ரயில் நிலையங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் முப்பது ஆண்டுகள் அந்த நிலையத்தின் பொறுப்பில் இருந்தவர் நார்மன் ராபர்ட் போக்ஸன். வான நூல் படித்தவர்களுக்கு உலகம் முழுவதும் தெரிந்த பெயர் அது. அவர் வாழ்ந்து மறைந்த சென்னையிலோ, அந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

காலுறை வியாபாரி மகன்

போக்ஸன் 1829-ம் ஆண்டு மார்ச் 23-ந்தேதி இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். காலுறையும் பின்னல் துணியும் நெய்யும் ஊர் அது. தந்தையும் அந்தத் தொழிலில்தான் இருந்தார். மகனுக்கோ கணக்கில் நாட்டம். பெரிய பல்கலைக்கழகப் படிப்பு எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. ஆனாலும் பதினெட்டு வயதிலேயே இரண்டு வால் நட்சத்திரங்களின் பாதையைக் கணக்கிட்டுக் காட்டினார். அதைக் கண்ட வானியல் அறிஞர் ஹிண்ட் கைகொடுத்தார். 1851-ல் லண்டனில் ஒரு தனியார் வான ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. மறு ஆண்டே ஆக்ஸ்போர்டில் உள்ள ராட்கிளிப் நிலையத்துக்கு மாறினார்.

அதற்கு முன்பே, இருபது வயதில் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. முதல் மனைவிக்குப் பிறந்த பிள்ளைகள் பதினொரு பேர். பெரிய குடும்பத்தை உதவியாளர் சம்பளத்தில் ஓட்டுவது எப்படி என்பது குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆக்ஸ்போர்டில் இருந்தபோது நடந்த ஒரு நிகழ்ச்சி, மணிக்கும் அவருக்கும் உள்ள உறவைக் காட்டுவது. 1854-ல் அரசாங்க வானியலாளரான ஏரி, பூமியின் எடையை அறிய ஒரு சோதனை செய்தார். தெற்கு ஷீல்ட்ஸ் என்ற ஊருக்கு அருகே ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. அதன் ஆழம் 1,200 அடிக்கு மேல். சுரங்கத்தின் வாயிலில் ஓர் ஊசல். அடியில் ஓர் ஊசல். இரண்டும் ஒரே வேகத்தில் ஆடுமா என்பதுதான் கேள்வி. மேலே இருக்கும் கடிகாரத்தையும் கீழே இருக்கும் கடிகாரத்தையும் ஒத்துப் பார்க்கக் கம்பி வழியாக மின்சாரத் துடிப்பு அனுப்பினார்கள். இரவு பகலாக முறை போட்டுக்கொண்டு ஊசலைப் பார்த்துக் குறித்தவர்களில் ஆக்ஸ்போர்டின் சார்பில் வந்த போக்ஸனும் ஒருவர். கீழே இருந்த கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் இரண்டேகால் வினாடி வேகமாக ஓடியது. அந்த இரண்டேகால் வினாடியிலிருந்து பூமியின் அடர்த்தியைக் கணக்கிட்டார் ஏரி. கிடைத்த விடை உண்மையைவிடச் சற்று அதிகம். ஆனால் மனிதக் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும் இரண்டு கடிகாரங்களைக் கம்பியால் கட்டிப் போடலாம் என்பது போக்ஸன் கைப்படச் செய்து பார்த்த பாடம் ஆயிற்று.

நூற்றுக்கு ஐந்து படி

1856-ம் ஆண்டு அவர் வாழ்வில் முக்கியமானது. அந்த ஆண்டு அவர் ஒரு சிறு கிரகத்தைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஆயிரக்கணக்கில் சுற்றும் சிறு பாறைகளில் ஒன்று அது. அப்போது கணக்கில் வந்திருந்தவை நாற்பத்தொன்றுதான். போக்ஸனின் மூன்று வயது மகளின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: ஐசிஸ். பிரெஞ்சு அறிவியல் கழகம் லலாண்ட் பரிசு கொடுத்துப் பாராட்டியது.

அதே ஆண்டு அவர் சொன்ன ஒரு சிறு கணக்குதான் அவரை இன்றுவரை நிலைநிறுத்தி இருப்பது. பழைய காலம் முதல் நட்சத்திரங்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்து, கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதை ஆறாம் தரம் என்று சொல்லி வந்தார்கள். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் ஒளியில் எத்தனை மடங்கு வித்தியாசம் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. முதல் தரம் என்பது ஆறாம் தரத்தைப்போல் சரியாக 100 மடங்கு ஒளி உடையது என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் போக்ஸன். நடுவில் ஐந்து படி. அப்படியானால் ஒரு படிக்கு 2.512 மடங்கு. இதற்குப் போக்ஸன் விகிதம் என்று பெயர். கண்ணாடி வழியே பார்த்த காலம் போய், விண்வெளியிலேயே தொலைநோக்கி மிதக்கும் இந்தக் காலத்திலும் எல்லா நாட்டாரும் இந்த அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

சென்னைக்கு வந்தார்

நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் கட்டிய வான ஆராய்ச்சி நிலையம், கருங்கல் தூண் ஒன்றை நடுவே நிறுத்தி அதன் மேல் கருவியை வைத்துத் தொடங்கப்பட்டது. முதல் வானியலாளரான கோல்டிங்ஹாம், சென்னை எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்பதைக் கணக்கிட்டு 1802-ல் சென்னை நேரத்தை வகுத்தார். கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் நிற்பது அது. கப்பல்காரர்களுக்கு இது உயிர் போன்ற விஷயம். மணி தவறினால் கப்பல் எங்கே நிற்கிறது என்ற கணக்கும் தவறும். கணக்குத் தவறினால் பாறையில் மோதும். கோட்டையில் போட்ட பீரங்கி வேட்டைக் கேட்டுப் பட்டணத்தார் மணி தெரிந்துகொண்டார்கள்.

போக்ஸன் 1861 பிப்ரவரியில் வந்து பொறுப்பேற்றார். வயது முப்பத்திரண்டு கூட நிறையவில்லை. வந்த மூன்றாம் மாதமே, ஏப்ரல் 17-ந்தேதி, ஒரு சிறு கிரகத்தைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறு கிரகம் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். அதன் பிறகு 1864-ல் சாப்போ, 1866-ல் சில்வியா, 1868-ல் கமில்லா, 1885-ல் வேரா. இங்கிலாந்தில் கண்ட மூன்றையும் சேர்த்து மொத்தம் எட்டு. இவற்றில் சில்வியாவுக்கு இரண்டு குட்டிச் சந்திரன்கள் உண்டு என்பது 2005-ல் தெரிய வந்தது. இரண்டு சந்திரன் உள்ள சிறு கிரகம் ஒன்று உண்டு என்று உலகம் அறிந்தது அதுதான் முதல் தடவை.

மணி பிடிக்கும் வேலை

சிறு கிரகம் கண்டால் பேர் வரும். தினப்படி வேலை அதுவல்ல. மணி பிடிப்பதுதான் தினப்படி வேலை.

அது எப்படி என்றால், தெற்கு வடக்காக மட்டும் அசையும்படி ஒரு தொலைநோக்கியைத் தூணில் பொருத்தி வைப்பார்கள். கண் வைக்கும் இடத்தில் சிலந்தி நூல் போல மெல்லிய கம்பிகள் குறுக்கே ஓடும். இன்ன நட்சத்திரம் உச்சியை எப்போது கடக்கும் என்பது அட்டவணையில் இருக்கும். இரவில் ஒருவர் படுத்தபடியோ சாய்ந்தபடியோ கண்ணை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஓடும் கடிகாரத்தின் டிக்டிக் ஓசையை மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். நட்சத்திரம் கம்பியைத் தொட்ட அந்த நொடியைக் குறிப்பார், நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை. அட்டவணைக்கும் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கடிகாரத்தின் பிழை. ஒரு நட்சத்திரம் போதாது. பல நட்சத்திரம் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். நட்சத்திரமோ ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட 3 நிமிடம் 56 வினாடி முன்னதாகவே உச்சிக்கு வந்துவிடும். அதையும் கழித்துத்தான் மனிதன் புழங்கும் மணி கிடைக்கும். மழைக்காலத்தில் பத்து நாள் வானம் மூடிக்கொண்டால் கடிகாரத்தின் நடையை நம்பி ஓட்ட வேண்டியதுதான்.

இப்படிப் பிடித்த மணியை அனுப்பும் வழிதான் போக்ஸன் காலத்தில் விரிந்தது. அவர் வந்தபோது ரயில் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. சென்னை ராயபுரத்திலிருந்து 1856-ல் ஓடத் தொடங்கிய ரயில், 1862-ல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக பேப்பூர் கடற்கரையைத் தொட்டுவிட்டது. சூரியனைப் பார்த்து மணி சொன்னால் பாலக்காட்டு மணி சென்னைக்குச் சுமார் 14 நிமிடம் பின்னால் நிற்கும். ஒரு பாகை மேற்கே போனால் நான்கு நிமிடம் பின்னால் என்பது கணக்கு. ஊருக்கு ஊர் அந்தந்த ஊர் மணியை வைத்துக்கொண்டு ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக வண்டி விட்டால் என்ன ஆகும்? மணி என்பது இங்கே பஞ்சாங்க விஷயம் இல்லை; டிரைவரும் கார்டும் பிரயாணிகளும் உயிரோடு வீடு போய்ச் சேருவது சம்பந்தப்பட்டது.

1870-ல் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தொடர் ரயில் பாதை இணைந்தது. 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையும் சென்னைப் பாதையும் சந்தித்தன. பம்பாய் மணி சென்னைக்கு அரை மணி பின்னால். கல்கத்தா மணி அரை மணிக்குச் சற்றே அதிகமாக முன்னால். நடுவில் நிற்பது சென்னை. கம்பி வழியாக மணி அனுப்பப் பழகிய நிலையமும் சென்னையில்தான் இருந்தது. எனவே இந்திய ரயில்களுக்கெல்லாம் சென்னை நேரம் என்று ஆயிற்று. நாள்தோறும் தந்திக் கம்பியில் குறிப்பு ஓடும். ஸ்டேஷன் மாஸ்டர் தந்திக் கருவியருகே காத்திருந்து முள்ளைத் திருப்பிக்கொள்வார். ரயில்வேயில் மாலை நான்கு மணிக்கு, அதாவது பதினாறு மணிக்கு, நேரக் குறிப்புக் கொடுத்துக் கடிகாரங்களை ஒத்துப் பார்ப்பது நீண்ட காலமாக இருந்து வரும் வழக்கம். ரயில்வே குமாஸ்தாக்களுக்கு இது தெரியும்.

எல்லோரும் இதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளவில்லை. 1881-ல் பம்பாய் கவர்னர் பெர்குசன், அரசு அலுவலகங்கள் எல்லாம் சென்னை மணிப்படி நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பம்பாய்க்காரர்கள் கொதித்தார்கள். சென்னை மணிப்படி அலுவலகம் போக வேண்டுமானால் அரைமணி முன்னதாகப் படுக்கையை விட்டு எழ வேண்டும். எங்கள் ஊர்ச் சூரியனுக்கு மரியாதை இல்லையா என்று கூட்டம் போட்டார்கள். இரண்டாண்டு இழுபறிக்குப் பின் 1883-ல் உத்தரவு வாபஸ் ஆயிற்று. நுங்கம்பாக்கத்தில் இருந்த மனிதருக்கு இந்தச் சண்டையில் பங்கில்லை. நட்சத்திரம் பார்த்து மணி சொல்வது அவர் வேலை. யார் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்பது ஆள்பவர்கள் வேலை.

உடன் நின்றவர்கள்

போக்ஸன் பெயரைச் சொல்லும்போது இன்னொருவரையும் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது. சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். போக்ஸன் சென்னைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நிலையத்தில் சேர்ந்து, படிப்படியாக முதல் உதவியாளர் ஆனவர். 1867 ஜனவரியில், தென் வானத்தில் ஒரு நட்சத்திரம் ஒளி கூடிக் குறைவதை இவர் கண்டுபிடித்தார். லண்டன் ராயல் வானியல் சங்கம் 1872-ல் இவரை உறுப்பினராக ஏற்றது. அந்த மரியாதை பெற்ற முதல் இந்தியர் இவரே.

பழைய வாக்கியக் கணக்கை அப்படியே ஒப்பிக்காமல், வானத்தில் காண்பதோடு பொருந்தும்படி பஞ்சாங்கம் கணிக்க வேண்டும் என்று வாதாடியவர் ரகுநாதாச்சாரி. திருக்கணிதமா வாக்கியமா என்ற வழக்கு இன்றும் நம் வீடுகளில் நடக்கிறதே, அந்த வழக்கில் அந்தக் காலத்திலேயே தொலைநோக்கியைச் சாட்சிக்கு அழைத்தவர் அவர். 1874-ல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடந்தபோது, சாதாரண மக்களுக்குப் புரிய வேண்டும் என்று சில இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். சென்னை நிலையத்தின் நட்சத்திரக் குறிப்புகளில் பெரும்பகுதி அவர் கண்ணும் காதும் பிடித்தவை. 1880 பிப்ரவரியில் அவர் காலமானது போக்ஸனுக்கு ஒரு கை போனது போல.

இன்னொருவர், சொந்த மகள். சிறு கிரகத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஐசிஸ். 1869-ல் தாய் இறந்தபோது ஐசிஸுக்குப் பதினேழு வயது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. 1873-ல் நிலையத்திலேயே கணக்கர் வேலையில் அமர்த்தினார்கள். சம்பளம் 150 ரூபாய். வெள்ளைக்காரர் வீட்டில் ஒரு சமையல்காரனோ வண்டிக்காரனோ வாங்கக்கூடிய தொகை என்று சொல்வார்கள். அந்தச் சம்பளத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தார். அரசாங்கத்தின் வானிலை அறிக்கை வேலையும் பிறகு சேர்ந்துகொண்டது. 1886-ல் தந்தை மகளின் பெயரை ராயல் வானியல் சங்கத்துக்கு முன்மொழிந்தார். பெண்ணைச் சேர்க்கச் சங்க விதியில் இடமில்லை என்ற நிலையில் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. ரகுநாதாச்சாரிக்குத் திறந்த கதவு ஐசிஸுக்குத் திறக்கவில்லை.

கிரகணமும் வால் நட்சத்திரமும்

1868 ஆகஸ்டு 18-ந்தேதி முழுச் சூரிய கிரகணம். ஐரோப்பாவிலிருந்தெல்லாம் அறிஞர்கள் ஆந்திரக் கரைக்கு வந்து குவிந்தார்கள். போக்ஸன் மசூலிப்பட்டணத்தில் கருவியோடு காத்திருந்தார். ரகுநாதாச்சாரி தலைமையில் ஒரு குழு வனபர்த்தியில் நின்றது. சூரியன் மறைந்தபோது விளிம்பில் எழும் தீக்கொழுந்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. போக்ஸனும் அதைக் கண்டார். சோடியத்தின் கோடு இருக்கும் இடமா, அதற்கு அருகிலா என்று உறுதியாகச் சொல்ல முடியாத இடம். அது ஹீலியம் என்ற புதுப் பொருளின் கோடு என்று பின்னால் தெரிந்தது. பூமியில் ஹீலியம் கைக்குக் கிடைத்தது 1895-ல். பேர் ஜான்ஸனுக்கும் லாக்கியருக்கும் போயிற்று. போக்ஸனின் அறிக்கை அதிகம் பேர் கண்ணில் படவில்லை.

1871 டிசம்பரில் மீண்டும் ஒரு முழுக் கிரகணம். இந்த முறை அவர் முகாம் போட்டது கோவைக்கு அருகே அவிநாசியில்.

1872 நவம்பர் 27-ந்தேதி இரவு ஐரோப்பாவில் எரி நட்சத்திரங்கள் மழையாகப் பொழிந்தன. சிதைந்து காணாமல் போன பீலா என்ற வால் நட்சத்திரத்தின் தூசு அது. ஜெர்மனியில் கிளிங்கர்ஃப்யூஸ் என்ற வானியலாளருக்கு ஒரு யோசனை. பீலா பூமியைத் தொட்டுக் கடந்திருந்தால், இப்போது தென் வானத்தில் தெரிய வேண்டும். அந்த இடத்தைப் பார்க்கக்கூடியவர் சென்னையில் இருக்கிறார். உடனே போக்ஸனுக்குத் தந்தி பறந்தது. வந்த நேரம் வடகிழக்குப் பருவ மழைக் காலம்; வானம் மூடிக் கிடந்தது. டிசம்பர் 3-ந்தேதி விடியற்காலையில் மேகம் சற்று விலகியது. சொன்ன திசையில் உண்மையிலேயே ஒரு வால் நட்சத்திரம்! மறுநாள் காலையும் பார்த்தார். பிறகு மேகம் மூடிக்கொண்டது. அதை அவரைத் தவிர வேறு யாரும், அன்றும் சரி பின்பும் சரி, காணவில்லை. இரண்டு நாள் குறிப்பைக் கொண்டு பாதை கணக்கிட முடியாது, மூன்று வேண்டும். பீலாவின் பாதையோடும் அது பொருந்தவில்லை. தந்தி சொன்ன இடத்தில், தந்தி சொல்லாத வேறொரு வால் நட்சத்திரம் வந்து நின்றது எப்படி என்பது வானியலாளர்களுக்கு இன்றும் தீராத புதிர்.

தாமதம்

நாட்டுக்கெல்லாம் நொடி பிசகாமல் மணி சொன்னவர், தன் வேலையை அச்சுக்குக் கொடுப்பதில் மட்டும் பெரிய தாமதக்காரர். 1862 முதல் 1887 வரை இரவிரவாகப் பார்த்துக் குறித்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் நிலைகள் ஆண்டுக்கணக்கில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒளி மாறும் நட்சத்திரங்கள் பற்றி அவர் சேர்த்து வைத்த குறிப்புகளும் அப்படியே.

லண்டனில் இருந்தவர்கள் குறை சொன்னார்கள். போக்ஸனுக்கும் தன் பக்கத்து நியாயம் இருந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு, பகலில் வானிலைக் கணக்கும் மணிக் குறிப்பும், இரவில் நட்சத்திரமும் பார்த்தால், கூட்டிக் கழித்து அச்சுக்கு அனுப்ப நேரம் எங்கே? கூடுதல் ஆள் கேட்டால் பணம் இல்லை என்றது அரசாங்கம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இராஜதானியே செத்துக்கொண்டிருந்தபோது நட்சத்திரத்துக்கு யார் பணம் தருவார்? ஆனால் அவருடைய பிடிவாதமும் ஒரு காரணம்தான். அரசாங்க வானியலாளர் ஏரியோடு அவருக்கு ஒத்துப் போகவில்லை. பெரியவர்களைப் பகைத்துக்கொண்டு தனியே உழைப்பது என்று வைத்துக்கொண்டார். உழைப்புக்குக் குறைவில்லை, அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

1882-ல் அவர் ஒரு யோசனை எழுதினார். சென்னைப் புழுக்கமும் புகையும் வான ஆராய்ச்சிக்கு உதவாது. தென்னாட்டு மலை ஒன்றில் 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை நிறுவிச் சூரியனையும் நட்சத்திரங்களையும் படம் பிடிக்க வேண்டும் என்பது அது. கோப்பு ஊர்ந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஊர்ந்த பிறகுதான் கொடைக்கானல் என்று முடிவாகி, 1899 ஏப்ரல் முதல் தேதி அங்கே வேலை தொடங்கியது.

அதைப் பார்க்க போக்ஸன் இல்லை. 1891 ஜூன் மாதம் சென்னையிலேயே காலமானார். வயது அறுபத்திரண்டு. முப்பது ஆண்டுகளில் நீண்ட விடுப்பு எடுத்துத் தாய்நாடு போகாமல் இந்த வெயிலிலேயே இருந்துவிட்டார். 1883-ல் செய்துகொண்ட இரண்டாம் திருமணத்தில் பிறந்த குழந்தைகள் சின்னஞ்சிறுசுகள். அவருக்குப் பின் பொறுப்பேற்ற மிச்சி ஸ்மித், கிறிஸ்துவக் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவர், கிடந்த குறிப்புகளை வரிசைப்படுத்தி மிச்சத்தையும் அச்சேற்றினார்.

மணி மாறியது

1906 ஜனவரி முதல் தேதி இந்தியாவுக்கெல்லாம் ஒரே நேரம் வந்தது. கிரீன்விச்சுக்கு 5½ மணி முன்னால். சென்னைக் கடிகாரங்கள் ஒன்பது நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. பம்பாய்க் கடிகாரங்கள் 39 நிமிடம். பம்பாயில் ஆலைத் தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள். அதிகாலை இருட்டில் ஆலைக்குள் நுழைவது யாருக்குப் பிடிக்கும்? கல்கத்தா தன் மணியை 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. சென்னை முணுமுணுக்காமல் மாறிக்கொண்டது.

உலகப் போர் வந்தபோது இந்தியாவும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிப் பார்த்தது. விளக்கு எரிப்பது குறையும், பகல் வெளிச்சம் வீணாகாது என்பது கணக்கு. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடு வரை நாடு முழுவதும் அப்படி ஓடியது. ஐரோப்பாவில் இன்றும் வசந்த காலத்தில் முன்னேயும் இலையுதிர் காலத்தில் பின்னேயும் ஆண்டுக்கு இருமுறை மாற்றுகிறார்கள். அங்கே சுவர்க் கடிகாரங்கள் பல வானொலி அலையைக் கேட்டுத் தாமே மாறிக்கொள்கின்றன. இலங்கையில் 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டில் ஒரு மணி முன்னே தள்ளினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் அரைமணி குறைத்தார்கள், 2006 ஏப்ரலில் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் மட்டும், நாட்டு மணிக்கு ஒரு மணி முன்னதாகத் தோட்ட மணி என்று தனியாக வைத்து, அதன்படி கொழுந்து எடுக்கிறார்கள். சூரியன் அங்கே சீக்கிரம் உதிக்கிறது.

சாந்தன்பாறை மேற்கே இருப்பது. இங்கே சூரியன் உச்சிக்கு வருவது, ஆண்டுச் சராசரியாகப் பார்த்தால், போன் மணி 12.21 ஆகும்போது. பழைய சென்னை நேரப்படி பார்த்தால் 12.12.

ஐசிஸ் 1898-ல் ஓய்வு பெற்றார். 1902-ல், நாற்பத்தொன்பது வயதில், கென்ட் என்ற கப்பல் கேப்டனைத் திருமணம் செய்துகொண்டு இங்கிலாந்து போனார். 1920-ல் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. தந்தை முன்மொழிந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1945-ல் அவர் மறைந்தார். நுங்கம்பாக்கத்தில் பழைய கட்டடம் இப்போது இல்லை. வானிலை அலுவலக வளாகத்தில் அந்தக் கருங்கல் தூண் மட்டும், தமிழ் உள்படப் பல மொழி எழுத்துக்களோடு நிற்கிறது.